மெறிக் வீடு திரும்பிய புத்தகம்

படம் முடிவதற்கு முன்பே சத்தியபாமா எழும்பவேண்டி வந்தது. நாலரை மணி பஸ்ஸைத் தவறவிட்டால் குறிகட்டுவான் துறையில் கடைசி லோஞ்சு போய்விடும். அந்த மோட்டார்ப் படகு போனால் நயினாதீவுக்குப் போக வேறு வழி இல்லை. பக்கத்தில் இருந்த ஜசிந்தாவுக்கு அந்தக் கவலை கிடையாது. அவளுடைய வீடு அல்லைப்பிட்டியில். பொழுது பட்ட பிறகும் பஸ் உண்டு.

“முடிவைப் பாத்து வைச்சு எனக்குச் சொல்லும்,” என்று அவளுடைய காதுக்குள் சொல்லிவிட்டு, மற்றவர்களின் முழங்கால்களைத் தாண்டித் தாண்டிச் சத்தியபாமா திரையைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தாள். திரையில் மெறிக் என்ற அந்த மனிதன் இரண்டு கதவுகளுக்கு முன்னால் நின்றான். ஒரு கதவுக்கு அப்பால் அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்த கப்பல். மற்றதற்கு அப்பால் ஒரு சின்ன ஓடம். அதில் ஏறினால், மாதக்கணக்காக எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும் அந்தச் சமிக்ஞையைத் தேடிப் போகலாம். ஆனால் திரும்பி வர முடியாது. அவன் கையைத் தூக்கினான். அந்த நேரத்தில் அவள் வாசலுக்கு வந்துவிட்டாள். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது.

அது எழுபத்தெட்டாம் ஆண்டு. இருவரும் பயிற்சிக் கலாசாலையில் ஒன்றாகப் படித்தவர்கள். விஞ்ஞான ஆசிரியர்களுக்கான கருத்தரங்கு ஒன்றுக்காக யாழ்ப்பாணம் வந்தபோது, அது மத்தியானத்தோடு முடிந்துவிட, ஜசிந்தாதான் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ‘எட்டாவது நிலையம்’ என்று தமிழில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆங்கிலப் படம். சனிக் கிரகத்துக்குப் பக்கத்தில் ஒரு நிலையம், அதில் தனியே ஒரு மனிதன், அவ்வளவுதான் கதை.

சத்தியபாமா பள்ளிக்கூடத்தில் சனிக் கிரகத்தைக் கரும்பலகையில் வெண்கட்டியால் கீறிக் காட்டுகிறவள். அவள் கீறும் வளையம் எப்போதும் கோணலாகத்தான் வரும். இங்கே அந்த வளையம் சுவர் முழுவதும் நிறைந்து, மெல்ல மெல்லத் திரும்பியது. முதல் இருபது நிமிடம் படத்தில் ஒரு சொல் இல்லை. பிறகு நிலையத்தின் ஒரு பகுதி வெடித்துச் சிதறியது, அதுவும் சத்தமில்லாமல். காற்றில்லாத இடத்தில் சத்தம் இல்லை என்று எட்டாம் வகுப்புக்கு அவள் வருடா வருடம் சொல்லிக்கொடுப்பதுதான். அதைத் தெரிந்த ஒருவர் எங்கோ இருந்து இந்தப் படத்தை எடுத்திருக்கிறார் என்று நினைத்தபோது அவளுக்கு மனம் நிறைந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாத நன்றி அது.

அடுத்த முறை ஜசிந்தாவைச் சந்தித்தபோது முதற்கேள்வி அதுதான்.

“என்ன நடந்தது? எந்தக் கதவைத் திறந்தவன்?”

ஜசிந்தா கொஞ்சம் யோசித்தாள். “கதவொண்டைத் திறந்தவன். பிறகு ஒரே வெளிச்சம். பிறகு பேர் போட்டாங்கள்.”

“எந்தக் கதவு?”

“ரெண்டும் ஒரே மாதிரித்தானே பாமா இருந்தது. நான் கொஞ்சம் கண்ணயர்ந்தும் போனன். உண்மையைச் சொல்லுறன்.”

அதற்கிடையில் படம் ஊரை விட்டுப் போயிருந்தது.

சத்தியபாமாவின் கணவர் தில்லைநாதனுக்குக் காலியில் பலசரக்குக் கடை. எழுபத்தேழுக் கலவரத்தில் கடை உடைபட்ட பிறகு, எல்லோரும் தடுக்கத் தடுக்கத் திரும்பிப் போய்த் திறந்திருந்தார். தைப்பொங்கலுக்கும் கோயில் கொடியேற்றத்துக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வருவார். வந்த ஒவ்வொரு முறையும் அவள் அந்தப் படத்தைச் சொன்னாள். வளையத்தைச் சொன்னாள். மெறிக் போட்டிருந்த உடுப்பில் ஒரு தோள் மட்டும் செம்மஞ்சள் நிறமாக இருந்ததைச் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே “ம்” கொட்டுவார். கேட்கிறாரா இல்லையா என்று அவளுக்குச் சந்தேகமாக இருக்கும்.

அடுத்த ஆண்டு கொடியேற்றத்துக்கு வந்தவர், பெட்டியிலிருந்து ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து அவளுடைய மடியில் வைத்தார். அட்டையில் வளையம். அதற்கு முன்னால் செம்மஞ்சள் தோளோடு ஒரு மனிதன்.

“கொழும்பு புறக்கோட்டையில நடைபாதையில போட்டு வித்தாங்கள். உம்மட ஆள்தானே இது?”

“ஓம்,” என்றாள். ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கிற மனிதர், தான் பார்க்காத படத்தின் ஆளை, அவள் சொன்ன தோளை வைத்து அடையாளம் பிடித்திருந்தார்.

படத்தின் கதையை நாவலாக எழுதி விற்பார்கள் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் காலிக்குப் போன மறுநாள் வாசிக்கத் தொடங்கினாள். ஐந்தாம் பக்கத்திலேயே கோபம் வந்துவிட்டது. படத்தில் மெறிக் வாய் திறக்காமல் நிலையத்தைச் சுற்றி நடந்த அந்த இருபது நிமிடமும் புத்தகத்தில் அவன் ஓயாமல் நினைத்துத் தள்ளியிருந்தான். சின்ன வயதில் வளர்த்த நாயை நினைத்தான். தகப்பனோடு போட்ட சண்டையை நினைத்தான். நிலையம் வெடித்த இடத்தில், “காது செவிடுபடும் முழக்கம்” என்று எழுதியிருந்தது. அவள் கொப்பி திருத்தும் சிவப்புப் பேனையை எடுத்து அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டாள்.

குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த நல்லம்மா தலை நிமிர்ந்தாள். தில்லைநாதனின் தமக்கை. அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேரும்தான். மூன்று வருடமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், உப்பு, புளி, தண்ணீர், ஆட்டுக்குக் குழை என்பவற்றைத் தாண்டி அவர்களுக்குள் பெரிய கதை எதுவும் இருந்ததில்லை.

“புத்தகத்தோட என்ன கோவம்?” என்றாள் நல்லம்மா.

“பிழையா எழுதியிருக்கிறார் மச்சாள். காத்தில்லாத இடத்தில சத்தம் கேக்காது.”

“காத்தில்லாத இடத்தில ஆருக்கு என்ன அலுவல்?”

சத்தியபாமா சொல்லத் தொடங்கினாள். நல்லம்மா இலை உருவி முடித்தும் எழும்பவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, கதிரை குசினி வாசலுக்கு வந்திருந்தது. புத்தகம் அதன்மேல் இருந்தது.

இப்படித்தான் வாசிப்புத் தொடங்கியது. சத்தியபாமா ஒரு பந்தியை ஆங்கிலத்தில் மனதுக்குள் வாசித்து, பிறகு தமிழில் சொல்வாள். நல்லம்மா மீன் வெட்டுவாள், அரிசி புடைப்பாள், நடுவில் கேள்வி கேட்பாள். அந்த நிலையத்தில் தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள் என்பதுதான் அவளுடைய முதற்கேள்வி. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நடக்கிறவளுக்கு அது நியாயமான கேள்வி. பாவித்த தண்ணீரையே துப்புரவாக்கித் திரும்பக் குடிக்கிறார்கள் என்று சத்தியபாமா விளக்கினாள்.

“எந்தத் தண்ணியை?”

“எல்லாத் தண்ணியையும்தான்.”

நல்லம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு, “பாவம் அந்தப் பிள்ளை,” என்றாள்.

நாயை நினைத்த பகுதியைச் சத்தியபாமா விட்டுவிட்டுப் போகப் பார்த்தாள். அவளைப் பொறுத்தவரை அது தேவையில்லாத அளப்பு. ஆனால் பக்கம் திருப்பிய வேகத்தை நல்லம்மா கண்டுவிட்டாள். “ஏன் பாயுறீர்? எல்லாத்தையும் சொல்லும்.” சொன்னாள். நாய்க்கு என்ன ஆனது என்று நல்லம்மா இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாதிப் புத்தகம் தாண்டியதும் படத்தில் இல்லாத ஓர் அத்தியாயம் வந்தது. மெறிக்குக்குப் பூமியில் எல்சா என்று ஒரு மனைவி. படத்தில் அப்படி ஒருத்தி கிடையவே கிடையாது. சத்தியபாமா உதட்டைப் பிதுக்கிக்கொண்டுதான் தொடங்கினாள். எல்சா வானொலியில் புருசனோடு கதைக்கிறாள். அவளுடைய குரல் சனிக் கிரகத்துக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பதில் வர அதேயளவு நேரம். “சாப்பிட்டீங்களோ?” என்று கேட்டுவிட்டு அவள் எழும்பிப் போய் உடுப்புத் தோய்க்கிறாள், சமைக்கிறாள், அயல்வீட்டாளோடு கதைக்கிறாள். பதில் வரும்போது என்ன கேட்டோம் என்பதே அவளுக்கு மறந்துபோய்விடுகிறது. “ஓம், சாப்பிட்டேன்” என்று அவனுடைய குரல் வெறும் அறைக்குள் வந்து கேட்கிறது.

சத்தியபாமா வாசிப்பதை நிறுத்தினாள். காலிக்குப் போகும் தன்னுடைய கடிதங்களும் அப்படித்தான் என்று நினைத்தாள். அவர் காய்ச்சலுக்கு மருந்து எடுத்தாரா என்று கேட்டால், காய்ச்சல் மாறி அடுத்த தடிமன் வந்த பிறகுதான் பதில் வரும்.

“பதில் வந்ததுதானே,” என்றாள் நல்லம்மா. குரலில் எந்த மாற்றமும் இல்லை. “பிறகென்ன. வாசியும்.”

நல்லம்மாவின் கணவர் சரவணமுத்து பதினைந்து வருடத்துக்கு முன்னர் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர். முதலில் கடிதமும் காசும் வந்தன. பிறகு கடிதம் மட்டும். பிறகு ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியவர் திரும்பி ஏறவில்லை என்று கப்பற்காரர் அறிவித்தார்கள். தாலியும் பொட்டும் அப்படியே இருந்தன. அவருடைய பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. கலியாணமாகி வந்த கிழமையே தில்லைநாதன் இதைச் சத்தியபாமாவிடம் சொல்லி, “அக்காவிட்டைக் கேட்டுப்போடாதையும்,” என்று எச்சரித்திருந்தார்.

எல்சாவின் அத்தியாயத்தை நல்லம்மா மூன்று முறை கேட்டாள். மூன்றாம் முறை சத்தியபாமாவுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

முடிவில் மெறிக் வீட்டுக்குப் போகும் கதவைத் திறந்தான். சமிக்ஞை வேறொன்றுமில்லை, எப்போதோ தொலைந்த ஒரு கப்பலின் பழைய வானொலி என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம். கடைசி வரியில் எல்சா படலையைத் திறந்தாள். நல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்ல கதை,” என்றாள்.

சத்தியபாமாவுக்கு ஆறவில்லை. “அந்தப் படம் இப்பிடி முடிஞ்சிருக்காது மச்சாள். அது இப்பிடியான படமில்லை.”

“நீர் பாக்கேல்லைத்தானே.”

“பாக்கேல்லை. எண்டாலும் தெரியும்.”

“பாக்காமல் என்னெண்டு தெரியும்? பெரிய விஞ்ஞானம் படிப்பிக்கிறீர்.”

அது ஒரு செல்லச் சண்டையாக மாதக்கணக்கில் நீண்டது. அந்த வருட மார்கழி விடுமுறையில் ஜசிந்தா ஆள் அனுப்பினாள்: படம் இன்னொரு தியேட்டருக்குத் திரும்ப வந்திருக்கிறது, இந்த முறை பஸ்ஸுக்கு ஓடவேண்டாம், இரவு தன் வீட்டில் தங்கலாம். சத்தியபாமா கூப்பிட்டபோது நல்லம்மா மறுப்பாள் என்றுதான் எதிர்பார்த்தாள். பட மாளிகைப் படி மிதித்தறியாதவள். ஆனால் அவள் அலுமாரியைத் திறந்து, மடிப்புக் கலையாத சேலை ஒன்றை எடுத்து வெயிலில் போட்டாள்.

படம் தொடங்கி வளையம் திரும்பியபோது நல்லம்மா சத்தியபாமாவின் கையைப் பிடித்தாள். வெடித்தபோது இறுக்கிப் பிடித்தாள். “சத்தமில்லை,” என்று மெல்லச் சொன்னாள். “நீர் சொன்ன மாதிரித்தான்.” எல்சா வருவாள் வருவாள் என்று பார்த்திருந்தாள். எல்சா வரவில்லை. மெறிக் கதவுகளுக்கு முன்னால் வந்து நின்றபோது சத்தியபாமா தன்னையறியாமல் கதிரை நுனிக்கு நகர்ந்தாள்.

அவன் ஓடத்தின் கதவைத்தான் திறந்தான். ஒரு விளக்கமும் இல்லை. உள்ளே இருந்து அவனுடைய முகத்தைக் காட்டினார்கள், நெடுநேரம் காட்டினார்கள். வெளிச்சம் அதில் ஏறிக்கொண்டே போனது. பயம் இருந்தது, ஆனால் கூடவே ஒரு சிரிப்பும் இருந்தது, புது வகுப்பு வாங்கில் ஏறி இருக்கிற பிள்ளையின் சிரிப்பு மாதிரி. பிறகு எழுத்துகள் ஓடின.

ஒன்றரை வருடமாகக் காத்திருந்த முடிவு. சத்தியபாமாவுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அதை முழுதாக அனுபவிக்க முடியவில்லை. பக்கத்தில் இருப்பவளை எண்ணி மனம் பதைத்தது. கூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாதோ என்று நினைத்தாள்.

ஜசிந்தா வீட்டுக்குப் போக இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறி, இரண்டு பக்கமும் கடல் வந்ததும் நல்லம்மா வாய் திறந்தாள்.

“அந்த முகம்தான்.”

“எது மச்சாள்?”

“கப்பல் வேலை கிடைச்சிட்டுது எண்டு வந்து சொன்ன அண்டைக்கு, இவரின்ர முகம் அப்பிடித்தான் இருந்தது. பயமும் சிரிப்பும்.” ‘இவர்’ என்றால் யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. “எனக்கு அண்டைக்கு விசர் வந்தது. நான் ஒருத்தி இஞ்ச நிக்கிறன், இந்த மனிசன் சிரிக்குதே எண்டு. பிறகு அவர் வராமல் விட்டாப்போல, என்னில வெறுத்துத்தான் போனவர் எண்டு நினைச்சிட்டன். நான் என்ன பிழை விட்டனான் எண்டுதான் இவ்வளவு காலமும் தேடினனான்.”

சத்தியபாமா அவள் பக்கமாகத் திரும்பி இருந்தாள்.

“அந்தப் பொடியனுக்கு ஆரிலயும் வெறுப்பில்லை,” என்றாள் நல்லம்மா. “அவனுக்குப் போகவேணும் போல இருந்தது. போனான். அவ்வளவுதான்.” பிறகு, “எண்டாலும் எனக்குப் புத்தகம்தான் விருப்பம். அதில அவன் வந்தவன்,” என்றாள்.

அன்றைக்கு ஜசிந்தாவின் வீட்டில், சாப்பிட இருந்தபோது, நல்லம்மா சரவணமுத்துவுக்கு நண்டுக் கறி என்றால் உயிர் என்று சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஜசிந்தாவுக்கு அது ஒரு பேச்சாகவே தெரியவில்லை. “அப்ப இன்னும் கொஞ்சம் போடுங்கோ அக்கா,” என்று சட்டியை நகர்த்தினாள். அந்தப் பெயரை நல்லம்மாவின் வாயிலிருந்து சத்தியபாமா கேட்டது அதுவே முதல் முறை.

ஊருக்கு வந்து ஒரு கிழமைக்குப் பிறகு நல்லம்மாதான் கேட்டாள், புத்தகம் எழுதியவருக்குக் கடிதம் போட முடியுமா என்று. முதற்பக்கத்தில் பதிப்பகத்தின் விலாசம் இருந்தது. நல்லம்மா சொல்ல, சத்தியபாமா ஆங்கிலத்தில் எழுதினாள். எல்சாவின் அத்தியாயத்துக்கும், மெறிக்கை வீட்டுக்கு அனுப்பியதற்கும் நன்றி. நாய்க்கு என்ன நடந்தது என்று எழுதவில்லையே என்ற குறை.

“உம்மட பங்குக்கும் ஏதும் எழுதும்,” என்றாள் நல்லம்மா.

சத்தியபாமா பேனையை வைத்துக்கொண்டு யோசித்தாள். சத்தத்தைப் பற்றி எழுதினாள். மெறிக் இவ்வளவு நினைத்திருக்க வேண்டாம் என்று எழுதினாள். படத்தின் மௌனத்தை நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று எழுதி, அது கடுமையாகப் படவே, அடித்துவிட்டு, ‘படத்தை நான் அதிகம் நேசிக்கிறேன், ஆனால் உங்கள் புத்தகம் இல்லாவிட்டால் நானும் என் மைத்துனியும் இன்னமும் உப்பையும் புளியையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம்’ என்று எழுதினாள். அதை மட்டும் நல்லம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

பதிலை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஆவணி மாதம் வந்தது. அந்த ஆசிரியரே தட்டச்சு செய்த ஒரு தாள். சத்தியபாமா குசினி வாசலில் இருந்து அதை வரி வரியாகச் சொன்னாள். புத்தகம் எழுதும்போது அவர் படத்தைப் பார்த்திருக்கவில்லையாம். படம் எடுத்து முடியவும் இல்லையாம். கையில் கொடுத்த கதைப்பிரதியில் மெறிக் வீட்டுக்குத்தான் போனானாம். பிறகு படக்காரர்கள் மாற்றியதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. தியேட்டரில் பார்த்தபோது தானும் திடுக்கிட்டதாகவும், அந்த முடிவுதான் சிறந்தது என்று நினைத்து வெட்கப்பட்டதாகவும் எழுதியிருந்தார். சத்தத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, மன்னிக்கவும் என்றிருந்தது.

அடுத்த பந்தியில் சத்தியபாமா தயங்கினாள்.

“என்ன? எல்லாத்தையும் சொல்லும்.”

“எல்சா கதைப்பிரதியில இல்லையாம் மச்சாள். புத்தகத்துக்குப் பக்கம் காணாது, இன்னும் வேணும் எண்டு பதிப்பகத்தார் சொன்னவையாம். அதுக்காக ரெண்டு நாளில எழுதிப் போட்டவராம். அந்தப் பகுதியைப் பற்றி ஆரும் ஒரு சொல்லும் இதுவரை சொன்னதில்லை, உங்கட மச்சாளுக்கு நன்றி சொல்லுங்கோ எண்டு எழுதியிருக்கிறார்.”

நல்லம்மா மனம் நொந்துபோவாள் என்று சத்தியபாமா பயந்தாள். நல்லம்மா சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை அந்த வீட்டில் யாரும் கண்டு கனகாலம்.

“பக்கம் காணாமல் இருந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு,” என்றாள். “பக்கம் போதுமா இருந்திருந்தா எல்சா எங்க, நான் எங்க.” பிறகு, “நாய்க்கு என்ன நடந்ததாம்?” என்று கேட்டாள்.

சத்தியபாமா தாளைத் திருப்பிப் பார்த்தாள். நாயைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி இருந்தது. நல்ல வயது வரை இருந்து செத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றிருந்தது. அதைச் சொன்னாள். நல்லம்மா திருப்தியோடு தலையாட்டிவிட்டு, ஆடுகளுக்குக் குழை முறிக்க வளவுக்குள் இறங்கினாள். சத்தியபாமாவும் தாளை மடித்து வைத்துவிட்டுப் பின்னாலே போனாள்.